இரு கடல் கூடுமிடம் தேடியவன்

அவுரங்கசீப்பின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் இல்லை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு முறையாவது அந்தப் பெயர் வந்து போயிருக்கும். அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அடுத்த மன்னன் இவனே என்று தகப்பன் ஷாஜகானே கைகாட்டி வைத்திருந்தான். 1659-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் இரவு டில்லியில் அவன் தலை வெட்டப்பட்டது என்பதைப் பலர் அறியார். தாரா ஷிக்கோ என்பது அவன் பெயர்.

அண்ணனைக் கொன்று அரியணை ஏறிய தம்பிகள் உலக வரலாற்றில் ஏராளம். அந்தக் கணக்கில் இன்னொன்றைச் சேர்க்க நாம் இதை எழுதவில்லை. அவன்மீது சாட்டப்பட்ட குற்றம் இருக்கிறதே, அதுதான் நம்மை எழுத வைக்கிறது. கஜானாவைக் கொள்ளையடித்தான் என்று சொல்லவில்லை. குடிகளைக் கொடுமைப்படுத்தினான் என்று சொல்லவில்லை. இந்துக்களின் வேதத்தை இறைவன் அருளிய நூல் என்று சொன்னான், யோகிகளோடும் சந்நியாசிகளோடும் உறவாடினான், பிரபு என்ற சொல்லை நாகரி எழுத்தில் பொறித்த மோதிரம் அணிந்தான், ஆகவே மார்க்கத்தை விட்டு விலகினான்—இதுதான் குற்றப்பட்டியல். அவுரங்கசீப்பின் அரசவை வரலாறே இதை எழுதி வைத்திருக்கிறது.

உண்மையிலேயே அது மார்க்கத்தை விட்டு விலகுவதுதானா? ஆம் என்றவர்கள் இருந்தார்கள். இல்லை என்றவர்களும் இருந்தார்கள். இரு சாராரும் முஸ்லிம்கள்தாம். இரு சாரார் கையிலும் இருந்தது ஒரே திருக்குர்ஆன்தான். இதைத் தோழர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இஸ்லாம் பிற மதங்களைப் பற்றி ஒரே ஒரு பதில்தான் வைத்திருக்கிறது என்று வெளியே இருந்துகொண்டு சொல்பவர்களும் உண்டு, உள்ளே இருந்துகொண்டு சொல்பவர்களும் உண்டு. இருவருக்கும் தாராவின் கதை இடைஞ்சலானது.

1615-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆஜ்மீரில் பிறந்தான் தாரா. ஷாஜகானும் மும்தாஜும் பெற்ற ஆண்மக்களில் மூத்தவன். ஆண் குழந்தை வேண்டி அவ்வூர்க் காஜா முயீனுத்தீன் தர்காவில் தகப்பன் வேண்டிக்கொண்ட பிறகு பிறந்தவன். சிறு வயதிலேயே அரசியலின் கசப்பு அவனைத் தொட்டுவிட்டது. ஷாஜகான் தன் தகப்பன் ஜகாங்கீரை எதிர்த்துக் கலகம் செய்து தோற்றபோது, தாராவும் தம்பி அவுரங்கசீப்பும் பாட்டனிடம் பிணையாக அனுப்பப்பட்டார்கள். ஒரே கூரையின் கீழ் பிணையாகக் கிடந்த அந்த இரு சிறுவர்களும் முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து என்ன ஆனார்கள் என்பதுதான் இந்தக் கதை.

1633-ல் பெரியப்பன் பர்வீசின் மகள் நாதிரா பேகத்தை மணந்தான். அந்தப்புரங்கள் நிரம்பி வழிந்த மொகலாய மாளிகையில் நாதிரா ஒருத்தியோடுதான் மண வாழ்வு நடத்தினான். ஓவியங்களைத் தொகுத்து அவளுக்குப் பரிசாக அவன் கொடுத்த ஆல்பம் இன்று இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

இளமையிலேயே அவன் மனம் ஞானிகள் பக்கம் சாய்ந்தது. லாகூரில் மியான் மீர் என்றொரு பெரியவர் இருந்தார். அரண்மனைப் பொருளைத் தீண்டாதவர். அவருக்குப் பின் அவருடைய சீடர் முல்லா ஷாவிடம் 1640-ல் தாரா தீட்சை பெற்றான். தமக்கை ஜகானாராவும் அவருக்கே சீடரானார். இவர்கள் காதிரிய்யா வழியினர். அந்தப் பெயர் நம் காயல்பட்டினத்துத் தோழர்களுக்குப் புதியதல்ல.

இங்கே கொஞ்சம் நின்று, தாராவுக்கு முன் இந்த விவாதம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஸ்பெயின் நாட்டில் பிறந்து 1240-ல் டமாஸ்கஸ் நகரில் மறைந்தவர் இப்னு அரபி. உண்மையில் உள்ளது ஒன்றே, காண்பன எல்லாம் அதன் தோற்றங்களே என்பது அவர் வழி வந்தவர்களின் கொள்கை. அப்படியானால் பிற மதத்தானின் வணக்கமும் அந்த ஒன்றைத்தானே போய்ச் சேர வேண்டும்? சூபிகள் பலர் அந்த முடிவுக்கு அஞ்சாமல் வந்தார்கள். தாராவின் கொள்ளுப்பாட்டன் அக்பர் அதை ஆட்சியில் செய்து பார்த்தான். 1564-ல் ஜிஸியா வரியை நீக்கினான். 1575-ல் பத்தேப்பூர் சிக்ரியில் ஒரு மண்டபம் கட்டி மார்க்க விவாதம் நடத்தினான். முதலில் முஸ்லிம் அறிஞர்கள், பிறகு பிராமணர், சமணர், பார்சிகள், கிறித்தவப் பாதிரிகள் எல்லோரும் வந்தார்கள். அனைவரோடும் அமைதி என்பதே அவன் ஆட்சிக் கொள்கை ஆயிற்று.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? சிர்ஹிந்தில் ஷேக் அகமது என்ற பேரறிஞர் (1564–1624) இருந்தார். அவரும் சூபிதான், நக்ஷபந்தி வழியினர். ஒன்றே உள்ளது என்பது ஞானியின் மயக்க நிலையில் தோன்றும் தோற்றமே தவிர உண்மை நிலை அல்ல என்றார் அவர். பகலில் கதிரவன் ஒளியில் விண்மீன்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அவை இல்லையென்று ஆகிவிடுமா என்பது அவர் காட்டிய உவமை. படைத்தவன் வேறு, படைப்பு வேறு. ஆகவே இராமனும் ரகுமானும் ஒன்றே என்று எழுதிய ஓர் இந்துவுக்கு, தாய் தந்தைக்குப் பிறந்தவனைப் படைத்தவனோடு சேர்க்காதே என்று பதில் எழுதினார்.

இந்தத் தருக்கத்தில் வலு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒன்று என்று சொல்லிவிட்டால் எது சரி, எது தவறு என்று சொல்ல இடமிராது என்ற அவரது அச்சம் நேர்மையானதே. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஜிஸியாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், பிற மதத்தாரைத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்றும் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். கடவுள் கொள்கை ஒன்று, அண்டை வீட்டானை நடத்தும் முறை இன்னொன்று. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது அங்கேதான். ஜகாங்கீர் அவரை 1619-ல் குவாலியர் கோட்டையில் ஓராண்டுக் காலம் சிறை வைத்தான். பிறகு விடுவித்து மரியாதையும் செய்தான்.

இனி தாராவுக்கு வருவோம். 1645-ல் அலகாபாத் சூபா அவன் பொறுப்பில் வந்தது. அவ்வூரில் ஷேக் முகிப்புல்லா என்ற ஞானி இருந்தார். இப்னு அரபியின் நூல்களுக்கு உரை எழுதியவர். அவருக்குத் தாரா கேள்விகள் எழுதி அனுப்பினான். அவற்றில் ஒன்று, ஆட்சி செய்பவன் இந்துவென்றும் முஸ்லிமென்றும் வேற்றுமை பார்க்கலாமா என்பது. ஷேக் எழுதிய பதிலின் கருத்து இது: நபிகள் நாயகம் உலகங்கள் அனைத்துக்கும் அருட்கொடையாக அனுப்பப்பட்டவர் என்பது திருக்குர்ஆனின் வாக்கு, ஆகவே குடிகளின் நலத்தை நாடுவதில் ஆள்பவன் வேற்றுமை பார்க்கக்கூடாது.

நம் கருத்தில், இந்த வரலாறு முழுவதிலும் மிகப் பெரிய பதில் இதுதான். வேதமும் குர்ஆனும் ஒன்று என்று ஷேக் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. தம் மார்க்கத்தில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்காமல், மற்றவனைச் சமமாக நடத்து என்ற முடிவுக்கு நேராக வந்து நின்றார். தாரா இந்தப் பாதையிலேயே நடந்திருந்தால்...? அவன் வேறு பாதை பிடித்தான்.

1653-ல் கந்தகார் கோட்டையைப் பாரசீகரிடமிருந்து மீட்கப் போய், பல மாத முற்றுகைக்குப் பின் தோற்றுத் திரும்பினான். 1649-லும் 1652-லும் அவுரங்கசீப்பும் அங்கே தோற்றவன்தான். ஆனால் தம்பி தோற்றபோது நையாண்டி செய்த அண்ணன், தானும் வெறுங்கையோடு வந்தான். வரும் வழியில் லாகூரில் பாபா லால் என்ற இந்து ஞானியோடு நாள் கணக்கில் உரையாடினான். அந்தக் கேள்வி பதில்கள் நூலாகவே பதிவாயின.

1655-ல் மஜ்ம உல் பஹ்ரைன் என்ற சிறு நூலை எழுதினான். இரு கடல்கள் கூடுமிடம் என்பது பொருள். பெயரே திருக்குர்ஆனிலிருந்து எடுத்தது. இரு கடல் கூடுமிடத்தை அடையும்வரை ஓயேன் என்று நடந்தவர் மூசா நபி. அங்கே சந்தித்த ஒரு பெரியவரிடம், சட்டமறிந்த நபியான தமக்கே எட்டாத இன்னொரு ஞானம் இருப்பதைக் கண்டார் என்பது அந்த வரலாறு. வேண்டுமென்றேதான் அந்தப் பெயரைத் தாரா தேர்ந்திருக்க வேண்டும்.

நூலில் என்ன இருக்கிறது? சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்க்கிறான். ரூஹ் என்பதும் ஆத்மா என்பதும் ஒன்று. ஜிப்ரயீல், மீக்காயீல், இஸ்ராபீல் என்ற மலக்குகளும் பிரம்மா, விஷ்ணு, மகேசன் என்பவர்களும் ஒன்று. இஸ்க் என்ற இறைக்காதலை இந்தியர் மாயை என்கின்றனர். இப்படி ஐம்பூதம், புலன், ஒளி, மறுமை என்று பகுதி பகுதியாகப் போகிறது. சில ஒப்பீடுகள் பொருந்தும். சில இழுத்துக் கட்டியவை. நூல் சமஸ்கிருதத்திலும் சமுத்திர சங்கமம் என்ற பெயரில் வந்தது.

அந்த நூலின் முகவுரையில் ஒரு செய்தி உண்டு. தன் குடும்பத்தாருக்காகவே இதை எழுதியதாகவும், இரு சமூகத்துப் பாமர மக்களோடும் தனக்கு வேலையில்லை என்றும் தாரா எழுதினான். தோழர்களே, இந்த இடத்தில்தான் நமக்கு மனம் வலிக்கிறது. இரு கடலையும் கூட்ட வந்தவன் கடலின் தண்ணீரையே ஒதுக்கி வைத்துவிட்டானே! காசியில் தறியில் உட்கார்ந்து நெசவு நெய்தபடியே இரு மதத்துச் சடங்குகளையும் சாடிய கபீர், தாராவுக்கு நெடுங்காலம் முன்பே வாழ்ந்து மறைந்தவர். தறிகாரனும் சாயக்காரனும் பேசுகிற பேச்சில் பாடியவர். தர்கா வாசலில் ஊதுவத்தி ஏற்றுகிற இந்துக் கிழவியும், கடன் தொல்லைக்கு ஒரே வட்டிக்கடை வாசலில் நிற்கிற இரு மத விவசாயியும் இரு கடல் கூடுமிடத்தில்தான் நாள்தோறும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை இளவரசன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவன் இளமையில், 1630 முதல் 1632 வரை, குசராத்திலும் தக்காணத்திலும் கொடும் பஞ்சம் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அதைப் பற்றிய சிந்தனை அவன் ஞான நூல்களில் இல்லை.

1657-ல் அவன் செய்த வேலை இன்னும் பெரிது. காசியிலிருந்து பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் டில்லிக்கு அழைத்து, யமுனைக் கரையில் நிகம்போத் மாளிகையில் அமர்த்தி, ஆறு திங்களில் 50 உபநிடதங்களைப் பாரசீக மொழியில் கொண்டுவந்தான். சிர்ரே அக்பர், பெரும் இரகசியம், என்பது நூலின் பெயர். இதன் முன்னுரைதான் உலமாக்களை உலுக்கிற்று. மறைத்துப் பாதுகாக்கப்பட்ட நூல் ஒன்று உண்டு என்று திருக்குர்ஆன் சொல்கிறது. அது வானுலகில் காக்கப்பட்ட மூல ஏடு என்பது பெரும்பாலான அறிஞர் கொண்ட பொருள். தாராவோ, அந்த மறைநூல் உபநிடதமே என்றான்! குர்ஆனை விளங்கிக்கொள்ளத்தான் உபநிடதம் படிக்கிறேன் என்பது அவன் நிலை. மார்க்கத்தை விட்டுப் போகிறவன் குர்ஆன் வசனத்தை இப்படித் தேடித் தேடி ஆதாரம் காட்டுவானா? மாட்டான். ஆனால் அவன் கொண்ட பொருளை ஏற்கவும் பெரும்பாலோர் ஆயத்தமாக இல்லை, அதுவும் உண்மை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூத்திரன் செவியில் வேதம் விழக்கூடாது என்று சாத்திரம் எழுதி வைத்த நாடு இது. அந்தப் பூட்டுப் போட்ட பெட்டியைத் திறந்து, பாரசீகம் படித்த எவனும் எடுத்துப் படிக்கலாம் என்று பொதுவில் வைத்தவன் ஒரு முஸ்லிம் இளவரசன். நல்ல வேலைதான்! ஆனால் பெட்டியை இத்தனை காலம் பூட்டி வைத்தது ஏன் என்று தன்னெதிரே அமர்ந்திருந்த பண்டிதர்களை அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஷாஜகான் நோயில் விழுந்தான். நான்கு மக்களும் வாளை உருவினார்கள். தாராவிடம் தலைநகர் இருந்தது, கஜானா இருந்தது, எந்த மொகலாய இளவரசனுக்கும் அதுவரை கிட்டாத பதவித் தகுதி இருந்தது. இல்லாதது போர் அனுபவமும் பிறர் சொல் கேட்கும் குணமும். அவனிடம் அன்பு வைத்தவர்களே அவன் ஆணவத்தைக் குறித்திருக்கிறார்கள். 1658 ஏப்ரலில் தர்மத்பூரில் அவன் தரப்புப் படை தோற்றது. மே 29-ல் ஆக்ராவுக்கு அருகில் சாமுகர் போர்க்களம். நெருக்கடியான நேரத்தில் யானையை விட்டு இறங்கிக் குதிரை ஏறினான். யானைமேல் அம்பாரி காலியாக இருப்பதைக் கண்ட படை, இளவரசன் மாண்டான் என்று எண்ணிச் சிதறி ஓடிற்று.

இது இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த போரா? அப்படிக் கதை கட்டுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1,000-மும் அதற்கு மேலும் தகுதி பெற்ற மன்சப்தார்களில் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று வரலாற்றாசிரியர் அதர் அலி எண்ணிப் பார்த்தார். தாராவின் பக்கம் இந்துப் பிரபுக்கள் 24 பேர். அவுரங்கசீப்பின் பக்கம் 21 பேர். உபநிடதத்தை மொழிபெயர்த்தவனுக்காக இராசபுத்திரர் அத்தனை பேரும் திரண்டு வரவில்லை. அம்பர் மன்னன் ஜெய்சிங் காற்று வீசிய பக்கம் சாய்ந்தான். அவுரங்கசீப்போ, மார்க்கத்தை விட்டு விலகினான் என்று யாரும் சொல்லமுடியாத தம்பி முராதையும் குவாலியரில் சிறை வைத்து, பழைய கொலை வழக்கு ஒன்றைக் காட்டி 1661-ல் கொன்றான். ஒரு சகோதரனுக்கு மதக் குற்றம், இன்னொருவனுக்குக் கொலைக் குற்றம். வேண்டியது அரியணை, குற்றம் ஆளுக்குத் தக்கபடி கிடைத்தது.

ஓடினான் தாரா. லாகூர், சிந்து, குசராத் என்று ஓடி, 1659 மார்ச்சில் ஆஜ்மீருக்கு அருகே மறுபடி தோற்றான். பாரசீகம் போய்ச் சேரலாம் என்று போலன் கணவாயை நோக்கிப் போகும் வழியில் நாதிரா பேகம் நோயால் மாண்டாள். உடலை மியான் மீர் அடக்கமான லாகூருக்கு அனுப்பி வைத்தான்; எஞ்சியிருந்த நம்பிக்கைக்குரிய வீரர்களையும் அதற்குத் துணையாக அனுப்பிவிட்டான். அடைக்கலம் கொடுத்தவன் மாலிக் ஜீவன். யானைக் காலில் இடறிக் கொல்ல ஷாஜகான் ஆணையிட்டபோது தாரா பரிந்து பேசிக் காப்பாற்றிய ஆள். அவனே பிடித்துக் கொடுத்தான்.

ஆகஸ்டு 29-ல் தாராவையும், 15 வயது நிரம்பாத மகன் சிபிர் ஷிக்கோவையும் அழுக்கேறிய யானைமீது ஏற்றி டில்லி வீதிகளில் ஊர்வலம் விட்டார்கள். மக்கள் எள்ளி நகைப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. கடைவீதி முழுவதும் அழுகுரல் எழுந்தது என்று, அங்கே நின்று பார்த்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் எழுதி வைத்திருக்கிறார். மறுநாள் மாலிக் ஜீவன் பட்டம் பெற்று வந்தபோது அவன்மீது கல்லும் குப்பையும் வந்து விழுந்தன. அழுதவர்கள் யார்? இந்துவும் முஸ்லிமுமான கைவினைஞரும் கடைக்காரரும் கூலிகளும். எந்தப் பாமரரோடு தனக்கு வேலையில்லை என்று எழுதினானோ, அதே பாமரர்கள்!

அந்த அழுகை அரண்மனையை அச்சுறுத்திற்று. தானிஷ்மந்த் கான் என்ற பிரபு உயிரையாவது விட்டுவைக்கச் சொன்னான். அவனும் முஸ்லிம்தான், அவுரங்கசீப்பின் ஆள்தான். கேட்பார் இல்லை. உலமாக்கள் மரணத் தீர்ப்புக்கு ஒப்பினார்கள். மறுநாள் இரவே காரியம் முடிந்தது. தாராவின் நண்பராக இருந்த நிர்வாணப் பக்கீர் சர்மத்துக்கும் சில ஆண்டுகளில் அதே கதி. அவர் அடக்கம் டில்லி ஜும்மா மசூதிக்கு அருகிலேயே இருக்கிறது. இன்றும் மக்கள் போகிறார்கள். 1679-ல் ஜிஸியா வரி திரும்பவும் வந்தது.

வாளால் விவாதம் முடிந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. அடுத்த நூற்றாண்டில் டில்லியில் மிர்சா மஸ்ஹர் ஜானே ஜானான் என்ற பெரியவர் (1781-ல் மறைந்தார்) இருந்தார். யாருடைய வழியில் வந்தவர் தெரியுமா? சிர்ஹிந்து ஷேக் அகமதுவின் அதே நக்ஷபந்தி வழியில்! அவர் ஒரு கடிதத்தில் எழுதிய கருத்து இது: வேதங்கள் இறைவனிடமிருந்து வந்தவையே, எந்தச் சமுதாயத்துக்கும் எச்சரிப்பவர் அனுப்பப்படாமல் இல்லை என்று திருக்குர்ஆன் கூறும்போது, இந்துஸ்தானத்துக்கும் தூதர்கள் வந்தே இருப்பார்கள், இந்துக்களின் உருவ வணக்கமும் பழைய அரபிகளின் சிலை வணக்கமும் ஒன்றல்ல. நபிகள் நாயகத்தின் வருகைக்குப் பின் அவர் காட்டிய நெறியே அனைவருக்கும் உரியது என்பதையும் அவர் விடவில்லை. தாராவைவிட எச்சரிக்கையானவர், ஷேக் அகமதுவைவிடத் தாராளமானவர். ஒரே பாசறைக்குள் இரண்டு பதில்கள்.

தாராவின் பாரசீக நூலோ ஐரோப்பாவுக்குப் போயிற்று. பிரெஞ்சு அறிஞர் ஆங்கெத்தில் துப்பேரோன் அதை லத்தீனில் பெயர்த்து 1801, 1802 ஆண்டுகளில் அச்சிட்டார். அதைப் படித்துத்தான் ஜெர்மன் தத்துவ அறிஞர் சோப்பன்ஹவர் உபநிடதத்தின்மேல் காதல் கொண்டார். தலை போன இளவரசனின் புத்தகத்தின் வழியேதான் ஐரோப்பிய அறிஞர் பலர் உபநிடதத்தை முதலில் அறிந்தார்கள்.

நம் காலத்தில் இன்னொரு வியாபாரம் தொடங்கியிருக்கிறது. 2015-ல் டில்லியில் அவுரங்கசீப் சாலை பெயர் மாறிற்று. 2017-ல் டல்ஹவுசி சாலைக்குத் தாரா ஷிக்கோவின் பெயர் வந்தது. பெயர் வைப்பதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் ஒருவனை நல்ல முஸ்லிம் என்றும் மற்றவனைக் கெட்ட முஸ்லிம் என்றும் முத்திரை குத்தி, இன்று வாழ்கிற முஸ்லிம் தோழனிடம் நீ எந்தப் பக்கம் என்று கேட்கக் கிளம்புகிறார்களே, அது நேர்மையற்ற கேள்வி. உபநிடதத்தைக் குர்ஆனின் மறைநூல் என்று ஒப்புக்கொண்டால்தான் ஒருவன் நல்லவனா? முகிப்புல்லா ஒப்புக்கொள்ளாமலேயே குடிகளைச் சமமாக நடத்தச் சொன்னாரே! கேட்பவர்கள் தங்கள் பக்கத்தில் மற்றவன் வேதத்தைத் தொட்டுப் பார்த்த இளவரசன் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லட்டும்.

2020-ல் இந்திய அரசு தொல்பொருள் அறிஞர் குழு ஒன்றை அமைத்துத் தாராவின் கல்லறையைக் கண்டுபிடிக்கச் சொன்னது. உமாயூன் சமாதியில் எங்கோ அடக்கம் செய்தார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயரே பொறிக்கவில்லை. குழுவினருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தது பழைய பாரசீக ஏடு ஒன்று. பெரிய கவிகையின் கீழ், அக்பரின் மக்கள் தானியாலும் முராதும் அடங்கிய நிலவறையில் வைத்தார்கள் என்று அது குறிக்கிறது. மோதிரத்தின் குற்றத்தை எழுதி வைத்த அவுரங்கசீப்பின் அதே அரசவை வரலாறுதான் அந்த ஏடு.